நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவில்காரர் விமானம் ஏற வேண்டுமானால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகவேண்டும். மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1935-இல், டாட்டாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து வந்து இறங்கியதும் அங்கேதான்.

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு ஆகாய தூரம் எவ்வளவு? உங்கள் அட்லஸே போதும். இரண்டு விமான நிலையங்களுக்கும் அட்சரேகை வேறுபாடு ஏறத்தாழ 4.5 பாகை, தீர்க்கரேகை வேறுபாடு 3.25 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை 111 கி.மீ. ஆகவே வடக்கு நோக்கி 500 கி.மீ. தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கி நெருங்குபவை. நம் பகுதியில் ஒரு பாகைக்கு 109 கி.மீ.தான். ஆகவே கிழக்கு நோக்கி 354 கி.மீ. இனி பைதாகரஸ் தேற்றம்: கர்ணம் 613 கி.மீ. (பூமி உருண்டைதான். ஆனால் இந்தச் சிறு தூரத்தில் பிழை மிகக் குறைவு. சென்னை–லண்டனுக்கு இந்தக் கணக்கு செல்லாது!)

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறந்தால் 46 நிமிடம் ஆகவேண்டும். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒன்றரை மணி என்கிறது. மீதி நேரம் எங்கே போயிற்று?

அட்டவணை நேரம் பறக்கும் நேரமன்று. நின்ற இடத்தைவிட்டு விமானம் நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவதற்கே பத்து நிமிடம் ஆகலாம். திருவனந்தபுரத்து ஓடுபாதை வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கிறது; சென்னை இருப்பது வடகிழக்கில். எந்தப் பக்கம் எழும்பினாலும் திரும்பியே தீரவேண்டும். மூன்று கி.மீ. உயரத்துக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கி.மீ.க்கு மேல் போகவும் விதி இடங்கொடாது. ஏறுவதும் இறங்குவதும் ஆளுக்கு இருபது நிமிடம் போல எடுத்துக்கொள்ள, முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

இப்போது வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 70 கி.மீ.; நெரிசலில் இரண்டு மணி. இரண்டு மணி முன்னதாகவே போய்க் காத்திருக்கவேண்டும். பயணம் ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி வீடு சேர ஒரு மணி. மொத்தம் ஆறரை மணி! 2024-இல் தொடங்கிய வந்தே பாரத் ரயில், 725 கி.மீ. இருப்புப் பாதையை ஏறத்தாழ ஒன்பது மணியில் கடந்து எழும்பூர் சேர்கிறது. வானத்தில் பத்து மடங்கு வேகம். வீட்டு வாசலில் மிச்சம் இரண்டு, மூன்று மணிதான்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தரையில் மேல்காற்று வீசினாலும், மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலுத்த காற்று ஓடுகிறது. இந்தக் கீழை வேக ஓட்டத்தை விரிவாக ஆராய்ந்து 1958-இல் எழுதியவர் நம் வானிலை அறிஞர் கோடீஸ்வரம். ஆகவே ஜூலையில் சென்னைக்குப் போகும் விமானம் காற்றை எதிர்த்துச் செல்லும். திரும்பும்போது காற்று பின்னின்று தள்ளும். எத்தனை நிமிட வித்தியாசம்? காற்றின் வேகம் மணிக்கு 60 கி.மீ., விமானத்தின் திசை வடக்கிலிருந்து கிழக்காக 35 பாகை என வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.