மலிவு விலையின் மறுபக்கம்

கைப்பேசித் திரையைத் தொட்டால், கடல்கடந்த நாட்டில் தைத்த ஆடை சில நாள்களில் வீட்டு வாயிலை அடைகிறது. அதன் விலையோ வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. அது எவ்வாறு இயல்கிறது?

தென்சீனத்தின் குவாங்சோ நகரில் உள்ளது பான்யூ வட்டாரம். 'ஷீன்' என்னும் இணைய வணிக நிறுவனத்திற்கு ஆடை தைத்துத் தரும் சிறு பட்டறைகள் அங்கு மிகுதி. ஒரு வடிவில் நூறு, இருநூறு ஆடைகளையே நிறுவனம் முதலில் கேட்கிறது. அவை விற்றால் உடனே மேலும் கேட்கிறது. சரக்குத் தேங்காமையால் நிறுவனத்தின் செலவு குறைகிறது. விரைவின் சுமையோ தொழிலாளரைச் சேர்கிறது.

அங்குப் பலர் வாரத்திற்கு ஏறத்தாழ 75 மணிநேரம் உழைப்பதாகவும், மாதத்திற்கு ஒருநாளே ஓய்வு பெறுவதாகவும் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. சீன விதிகளின்படி வழக்கமான வாரப் பணிநேரம் 40 மணி; மிகைநேரப் பணி மாதத்திற்கு 36 மணிநேரத்தைக் கடத்தல் ஆகாது. எனினும், தைத்த ஆடைகளின் எண்ணிக்கைக்கே கூலி கிடைக்கிறது. ஓர் ஆடைக்குரிய கூலி சிறிது; ஆதலின், தொழிலாளர் தம் ஓய்வைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

பொருளை வாங்குமுன் 'விலை எவ்வளவு?' என்பதோடு, 'இவ்விலை எவ்வாறு வந்தது?' என்றும் வினவுதல் நுகர்வோர் கடமையாகும்.