ஃபார்மட் அடிக்கும் முன்

சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர் அப்படி என்பதால் வருகிறவர்களில் அச்சகத்துக்காரர்களும் டிடிபி கடைக்காரர்களும்தான் அதிகம். பழைய சிபியு ஒன்றைப் பையனிடம் தூக்கிவரச் சொல்லி, பின்னாலேயே ஓர் அண்ணாச்சி வந்தார். "பட்டன அமுக்குனா ஃபேன் மட்டும் சுத்துது தம்பி, திரையில ஒண்ணும் வரமாட்டேங்குது. பத்திரிக டிசைன் அம்புட்டும் போச்சா?"

போகவில்லை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் ஃபைலும் போய்விட்டது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வீட்டுக் கதவின் பூட்டு இறுகிப்போனால் பீரோவில் இருக்கிற பத்திரத்துக்கு என்ன ஆகும்? எஸ்எம்பிஎஸ் செத்திருக்கும், மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். சிலசமயம் ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாலே சிஸ்டம் எழுந்துவிடும். எழாவிட்டாலும் பரவாயில்லை, ஃபைல் இருப்பது ஹார்டு டிஸ்கில்.

ஆனால் இந்த இடத்தில்தான் வினை நடக்கிறது. "விண்டோஸ் போட்டாச் சரியாயிரும்" என்று யாராவது சொல்வார்கள், சி டிரைவை ஃபார்மட் அடித்துவிடுவார்கள். டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும் சேமித்ததெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எக்ஸ்பி என்றால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதற்குப் பின் வந்தவற்றில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் அவை கிடக்கும். அதனால் என் கடையில் முதல் வேலை டிஸ்கைக் கழற்றுவது. ரிப்பேர் அப்புறம்.

கரன்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு நாலு திருகைக் கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். பட்டையான ரிப்பன் கேபிள் போகிறது என்றால் பழைய ஐடிஇ, பின்பக்கம் 40 ஊசி இருக்கும். ஒல்லியான கேபிள் என்றால் சாட்டா. இரண்டையும் யுஎஸ்பியாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் உண்டு. வாங்கும்போது தனி பவர் அடாப்டரோடு வாங்குங்கள். லேப்டாப்பின் சின்ன டிஸ்க் யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டிலேயே ஓடும், டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அது கிடைக்காமல் சும்மா கிடக்கிற டிஸ்கை 'டெட்' என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வேறு சிஸ்டத்தில் செருகியதும் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' கொடுக்கலாம். டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் மட்டும் 'கேன்சல்'தான். டக், டக் என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். உள்ளே ஹெட் பழுதாகியிருக்கலாம். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டைக் கீறிக்கொண்டே போகும். அது என்னைப் போன்ற கடைக்காரன் வேலையும் இல்லை, தூசி புகாத அறை வைத்திருக்கும் லேபுக்குத்தான் போக வேண்டும். புதிய லேப்டாப் என்றால் வேறு தலைவலி: பல மாடல்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே விழுந்திருக்கும். 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது. லேப்டாப்பை எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கினீர்களோ, அங்கே தேடிப் பாருங்கள்.

அண்ணாச்சியின் டிஸ்க் நன்றாகவே சுற்றியது. பேஜ்மேக்கர் ஃபைல்கள் வருடவாரியாக அடுக்கியிருந்தன. காப்பி எடுத்து ஒன்றைத் திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் இறைந்து கிடந்தன. "வைரஸா தம்பி?" என்றார்.

வைரஸ் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி மாதிரியான எழுத்துருக்களில் அடித்த தமிழ் அது. அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் இப்படித்தான் தெரியும். பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று இருக்கிறது, அதையும் அப்படியே காப்பி எடுத்து வைத்தேன். இதேபோல், டேலியில் கணக்கு வைத்திருப்பவர்கள் எண்ணைப் பெயராகக் கொண்ட டேட்டா ஃபோல்டரை விட்டுவிடக் கூடாது. ஃபான்டை ஏற்றியதும் மணமகனும் மணமகளும் வந்துவிட்டார்கள், முகூர்த்த நேரத்தோடு. சிபியுவை என்ன செய்ய என்று கேட்டேன். பழைய சாமானுக்குப் போடச் சொல்லிவிட்டார், டிஸ்கை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.