முதிய உழவு இயந்திரத்தின் எஞ்சினைப் புதுக்குதல்

வயல் உழுதற்கும், சுமை இழுத்தற்கும், முன்னே 'லோடர்' பூட்டி மண்ணும் எருவும் அள்ளுதற்கும் ஏற்ற சிறிய உழவு இயந்திரங்களுள் நம் நாட்டார் நன்கறிந்தது மசி பேர்குசன் 35 ஆகும். அறுபது வயதைத் தாண்டியும் உழைக்கும் இவ்வியந்திரங்களை இன்றும் காணலாம். புதியதன் விலையை நோக்குமிடத்து, பழையதன் எஞ்சினைப் புதுக்கிக்கொள்வது அறிவுடைமையே. ஆயின், பிழையாகப் புதுக்கப்பட்ட எஞ்சின் காலபோக உழவின் நடுவே நின்றுவிடின், கமக்காரன் இழப்பது திருத்தக்கூலி மாத்திரமன்று. ஒரு போகத்தையே இழக்கிறான். தமிழாசிரியருக்கு எஞ்சினோடு என்ன உறவு என நகைக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: எம் வகுப்புகளில் இருந்தோரிற் பலர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கராச்சுப் பேச்சு எம் செவிக்குப் புதியதன்று.

அயர்லாந்திற் பிறந்த ஹரி பேர்குசன் என்பார் வகுத்த முறைப்படி, இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு உழவு இயந்திரங்கள் செய்யப்பட்டன. அவற்றின் வழித்தோன்றலே 35. அதில் முதலில் வைத்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரிலே எளிதிற் கிளம்பாது எனப் பெயர் கெட்டது. 1959 இல் பேர்க்கின்ஸ் நிறுவனத்தாரின் மூன்று சிலிண்டர் எஞ்சின் அதனிடத்தைப் பெற்றது. சிலிண்டரின் உள்விட்டம் 91.4 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 127 மில்லிமீற்றர், மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 லீற்றர். பிஸ்டனை நம் விஞ்ஞான நூலார் முசலம் என்பர். உலக்கையை நினைவூட்டும் அழகிய சொல்லேயாயினும், உதிரிப்பாகக் கடையில் முசலம் கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவர்; ஆதலின் ஈண்டுப் பிஸ்டன் என்றே வழங்குவோம்.

இவ்வியந்திரத்தைக் கழற்றத் தொடங்குமுன் அறியவேண்டியது ஒன்றுண்டு. மோட்டார் வண்டிக்குள்ளது போன்ற சட்டகம் இதற்கு இல்லை. முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு எஞ்சினோடு நேரே பூட்டப்பட்டிருக்கும். எஞ்சினின் பின்புறம் கிளச்சுக் கூட்டோடு பூட்டப்பட்டிருக்கும். எனவே எஞ்சினே இதன் முதுகெலும்பு. அதனைக் கழற்றுவதென்றால் இயந்திரத்தையே இரண்டாகப் பிளப்பதாகும். முன் அச்சு நடுவிலுள்ள ஒரே முளையில் ஊசலாடுவதாதலால், இருபுறமும் மர ஆப்புகளைச் செருகாமற் பிளந்தால் முற்பாகம் பக்கவாட்டிற் சரிந்து ஆளை நசுக்கும். லோடர் பூட்டியதாயின் அதனை முதலிற் கழற்றிவிடல் வேண்டும். லோடர் சுமக்கும் பாரத்தில் ஒரு பங்கு இம்மூட்டுகளினூடே செல்வதால், அங்குள்ள போல்ற்றுகள் தளர்ந்தனவா, துளைகள் நீண்டனவா என்று இத்தருணத்தில் நோக்குதல் நன்று.

கழற்றத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கரும்புகை கண்டவுடன் 'எஞ்சின் முடிந்தது' என்பாருளர். கரும்புகை, எரிபொருளுக்குப் போதிய காற்றில்லை என்பதையே பெரும்பாலும் காட்டும்; அடைபட்ட காற்று வடியோ பழுதுற்ற இன்ஜெக்டரோ அதற்குக் காரணமாகலாம். நீலப்புகையோ ஒயில் எரிவதைக் காட்டுவது. அதனோடு, எஞ்சின் மூச்சுவிடும் குழாயினின்றும் புகை பொங்கி வருமாயின், எரிந்த வாயு பிஸ்டனைக் கடந்து கீழே இறங்குகிறது எனக் கொள்ளலாம். சூடேறிய பின் ஒயில் அமுக்கம் விழுந்துவிடுவது பெயாரிங்குகளின் தேய்வை ஐயுறச் செய்யும்.

திறந்த பின் செய்யவேண்டிய முதல் வேலை அளத்தல். இதனையே நாம் வற்புறுத்த விரும்புகிறோம். ஏனெனில் பல கராச்சுகளில் விடப்படுவதும் இதுவே. சிலிண்டரினுள் இருப்பது லைனர் எனப்படும் மெல்லிய இரும்புக் குழல். அது மேலிருந்து கீழ்வரை ஒரே சீராய்த் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சிக்கு ஏறி ஒரு கணம் நின்று திரும்புமிடத்தில் வெப்பமும் அமுக்கமும் மிகுதி. ஒயிற் படலமோ மிக மெல்லியது. காற்றோடு புகுந்த புழுதியும் அங்கேதான் அரைக்கும். எனவே மேற்பகுதி அகன்றும் அடிப்பகுதி ஏறக்குறைய பழைய அளவிலும் இருக்கும். பிஸ்டன் சாயும் பக்கத்திலே தேய்வு கூடி, வட்டம் முட்டை வடிவாகும். ஆதலின் உயரத்தில் மூன்றிடங்களில், ஒவ்வோரிடத்தும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதிவைத்து, செய்தோரின் கைந்நூலிற் கண்ட எல்லையோடு ஒப்பிடல் வேண்டும். இரண்டு மூன்று மயிரிழைகளின் பருமனளவான தேய்வே லைனரை மாற்றப் போதியதாகலாம். கண்ணுக்கு அது தோன்றாது.

அளவாமல் 'றிங் மட்டும் மாற்றுவோம்' என்பது மலிவான யோசனை போலத் தோன்றும். தேய்ந்த பரப்புக்கு மேலே, றிங் ஏறாத இடத்தில் ஒரு வரம்பு எஞ்சியிருக்கும். பழைய றிங் அவ்வரம்போடு சேர்ந்து தேய்ந்து வளைந்தது. புதிய றிங்கோ கூரிய விளிம்புடையது. அது வரம்பில் மோதி உடையும். அன்றேல் பிஸ்டனிலுள்ள தன் வாய்க்காலையே உடைக்கும். உடையாது தப்பினும், முட்டை வடிவான துளையில் வட்டமான றிங் எவ்வாறு பொருந்தும்? சில மாதங்களில் அதே நீலப்புகை வரும். கூலியோ இரண்டு முறை.

லைனர்களிலும் இருவகையுண்டு. ஒருவகை, அழுத்திச் செருகிய பின் கடைந்து அளவாக்க வேண்டியது. மற்றது முன்னரே அளவாக்கப்பட்டது. வாங்கும்போதே கேட்டறிக. புதிய றிங்கைத் தனியே லைனருள் இட்டு, அதன் இரு நுனிகளுக்கும் இடைவெளி உளதா எனவும் பார்க்கவேண்டும். அவ்விடைவெளி இல்லையேல், வெப்பத்தில் விரிந்த றிங் நுனியோடு நுனி முட்டி லைனரைக் கீறிவிடும்.

கிராங் தண்டையும் அவ்வாறே அளந்து, வேண்டின் 0.010 அல்லது 0.020 அங்குலம் குறைத்துத் தீட்டி, அதற்கேற்ற பெயாரிங் இடுவர். பிஸ்டன் தண்டுகளின் மூடிகள் தத்தம் தண்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை. இலக்கம் பார்த்து மாறாமற் பூட்டுக. ஒயில் செல்லும் துளைகளின் அடைப்புகளைக் கழற்றி, தூரிகையிட்டுக் கழுவி, காற்றடித்துத் துடைத்தல் வேண்டும். தீட்டிய பொடி சிறிதளவு அங்குத் தங்கினும் புதிய பெயாரிங்குகள் சில மணி நேரத்திற் பாழாம்.

டீசல் பம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வெஞ்சினின் சுழற்பம்பிக்கு அது செலுத்தும் டீசலே மசகுமாகும். 1990 இன் பின், பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், வடபுலத்து வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியமை யாவரும் அறிந்ததே. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. அவ்வாறு உழைத்த இயந்திரமாயின் பம்பியையும் தேர்ந்தவரிடம் கொடுத்துச் சோதிப்பித்தல் வேண்டும். எஞ்சின் புதிதாயிருந்தும் சூடேறியபின் கிளம்ப மறுப்பதற்குத் தேய்ந்த பம்பி காரணமாதலுண்டு.

பூட்டும்போது, ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பல சுற்றில் இறுக்குவர். கிளப்புமுன், நிறுத்தும் இழுவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒயில் அமுக்கம் காட்டும்வரை ஸ்ராட்டரால் மாத்திரம் சுழற்றுதல் நலம். கிளம்பிய பின் புதிய எஞ்சினென்று அஞ்சி நெடுநேரம் வெறுமனே ஓடவிடுவோர் பலர். அது தீது, பாரமின்றி ஓடினால் றிங்குகள் சுவரோடு படியாது, சுவர் கண்ணாடிபோல் மினுங்கி ஒயிலைக் குடிக்கத் தொடங்கும். நடுத்தரமான பாரத்தில், வெறும் பெட்டி இழுத்தல் போன்ற வேலையில் ஓட்டுக. சூடேறியபின் ஹெட்டை மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளிகளைச் சரிபார்த்து, முதல் 25 மணி நேரத்தில் ஒயிலை மாற்றுக. இத்தனைக்கும் நாள் வேண்டுமாதலால், ஐப்பசி மழையை எதிர்பார்த்திருப்பவர் ஆடியிலேயே எஞ்சினைத் திறந்துவிடல் வேண்டும். காற்று வடியின் கிண்ணத்து ஒயிலையும் அன்றே மாற்றுக. புழுதி உள்ளே நுழைவது அவ்வழியாகவே.