பாலிங் ஆற்றங்கரைக்காரர்களுக்கு

2022 ஜூலை 4 அன்று குனோங் இனாஸ் மலையில் பெய்த கனமழை, பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதிக் கம்பங்களுக்குள் சேறும் மரக்கட்டையுமாக இறங்கியது. கம்போங் இபோயில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. மூன்று பேர் மாண்டார்கள். முந்தைய ஆண்டு, ஆகஸ்ட் 18இல், குனோங் ஜெராய் அடிவாரத்து யான் வட்டாரமும் இதே கதியைக் கண்டது. ஓராண்டுக்குள், ஒரே கெடா மாநிலத்தில், இரண்டு முறை. இதை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் எழுதி முடிப்பது சோம்பேறித்தனம்.

கெப்பாலா ஆயேர், அதாவது மலையிலிருந்து திடீரென இறங்கும் வெள்ளம், வரும் விதம் இதுதான். மலையில் விழும் மழையைக் காடு குடித்து, மெதுவாகத்தான் ஆற்றுக்கு விடும். மரத்தை வெட்டி, மண்சாலை போட்ட சரிவில் நீர் நிற்காது. மண்ணையும் கட்டைகளையும் வாரிக்கொண்டு ஓடும். கட்டைகள் பாலத்தடியிலோ ஆற்று வளைவிலோ சிக்கினால் பின்னால் நீர் தேங்கும். அடைப்பு உடைந்தால் தேங்கியது முழுவதும் ஒரே மூச்சில் வரும். இனாஸ் சரிவில் முசாங் கிங் டுரியான் பயிரிடக் காடு அழிக்கப்பட்டதைப் பற்றி வெள்ளத்துக்குப் பிறகுதான் ஊரெல்லாம் பேசியது.

பாலிங் வழியாக ஓடும் கெட்டில் ஆறு கோல கெட்டிலில் மூடா ஆற்றோடு சேர்கிறது. அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்காகக் காட்டை முதலில் வெட்டியதில் நம் பாட்டன்மார் கையும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் ரப்பர் பெரும்பாலும் தாழ்ந்த மேடுகளில் ஏறியது, செங்குத்துச் சரிவில் அல்ல. தோட்டத் துரை லயம் கட்டிய இடத்தில்தான் அந்தப் பாட்டன்மார் குடியிருந்தார்கள். இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. இன்று வீடு வாங்குகிறவருக்கு உண்டு. மனையின் விலையை விசாரிப்பவர், ஆற்றின் மேல்பக்கம் யார் என்ன வெட்டுகிறார்கள் என்பதையும் விசாரிக்கட்டும்.

பாலிங்கின் லாத்தா பாயு அருவிக்கு விடுமுறையில் குளிக்கப் போவோர் கவனிக்க: தலைக்குமேல் வெயில் அடிப்பது பாதுகாப்புக்குச் சான்றல்ல, மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ பிள்ளைகளை உடனே கரையேற்றுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். காருக்காகவோ சாப்பாட்டுப் பாத்திரத்துக்காகவோ திரும்ப இறங்க வேண்டாம். ஏறிய பிறகு 999ஐ அழையுங்கள்.