எடை சரி, பீஸ் எங்கே?

கூட்டுத் தொழில் கணக்குகள் – 7

திருப்பூரில் நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரை எல்லாவற்றையும் தானே செய்யும் பெரிய கம்பெனிகள் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ஓடுவது ஜாப் ஒர்க்கில்தான். நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஆளுக்கு ஒரு வேலை. ஆர்டர் வாங்கிய ஏற்றுமதியாளரின் பெயர் மட்டுமே வெளிநாட்டு பையருக்குத் தெரியும்.

180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியில் 10,000 டி-ஷர்ட் என்று ஓர் ஆர்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காம்பாக்டிங் முடிந்து வந்த துணி 189 ஜிஎஸ்எம். தராசில் போட்டால் சலானில் எழுதிய கிலோ அப்படியே இருக்கிறது. நிட்டிங்காரர் கணக்கு நேர். சாயப்பட்டறையும் பேசிய கழிவுக்குள்தான் நிற்கிறது. கட்டிங் மேஜையில் விரித்தால் துணி பற்றாது. ஏறக்குறைய 475 பீஸ் விழும். அதுவரை கிலோவில் ஓடிய கணக்கு அந்த மேஜையில்தான் பீஸாக மாறுகிறது. முன்னால் யாரோ விட்ட பிழைக்கு ஏச்சு வாங்குவது கட்டிங் மாஸ்டர். வட்டக் கட்டரில் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடை பார்த்திருந்தால் 1.80 கிராமுக்குப் பதில் 1.89 என்று வந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். ஆளாளுக்குத் தன் அளவுகோலில் பாஸ். சட்டை மட்டும் பெயில்.

நேரக் கணக்கும் இதே கதைதான். ஏழு கட்டங்கள், ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 முறை சொன்ன தேதியில் முடிப்பதாக வையுங்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பெருக்கிப் பாருங்கள், ஏழும் தவறாமல் அமைவது நூற்றுக்கு எழுபது முறைகூட இல்லை. சாய மிஷினில் துணி ஓடுவது சில மணி நேரம். தன் முறைக்காக ரோலாக அடுக்கிக் கிடப்பது நாள்கணக்கில். கிடந்த நாளை எந்தக் கம்பெனியும் தன் செயல்திறனில் சேர்ப்பதில்லை. கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பும்போதுதான், நஷ்டத்தைப் பிடித்தம் செய்யும் டெபிட் நோட்டு யார் தலையில் என்ற தேடல் தொடங்கும். என்னைக் கேட்டால், டெபிட் நோட்டு ஓர் அளவுகோலே அல்ல. யார் இளைத்தவர் என்பதைத்தான் அது காட்டும்.

யாருமே அளக்காத கணக்கு ஒருமுறை ஊரையே நிறுத்தியது. 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலந்த வழக்கில், திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மூடியவை 700க்கும் மேல். பல பட்டறைகளின் கழிவு ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தது. ஆற்றில் ஏறிய உப்புக்கு எந்தப் பட்டறையின் லெட்ஜரிலும் பத்தி கிடையாது. தையல் கம்பெனிகள் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஜாப் ஒர்க்காரரின் தரம், தாமதம், ஷார்டேஜ் அனைத்தையும் ஏற்றுமதியாளர் அளக்கிறார். அவர் பில்லைப் பாஸ் செய்ய எடுக்கும் நாளை யார் அளப்பது? குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அது ஏட்டோடு நின்றது. 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டம் இறுக்கிய பிறகு, பில் தேதிக்கு ஒரு மரியாதை வந்தது. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்யாத பட்டறைக்கு வேலையை மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் கூடவே வந்தது.