எல்லை ஊர்த் திருமணப் பந்தல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் கர்க்கடக மாதம் கழிந்ததும் திருமணப் பந்தல்கள் எழத் தொடங்கும். நாம் ஆடி என்று கூறும் மாதமே மலையாள நாட்காட்டியில் கர்க்கடகம். நாம் ஆவணி என்பதை அவர்கள் சிங்கம் என்பர். இரு மொழியினரும் ஆடியில் மணம் முடிப்பதைத் தவிர்ப்பர், ஆவணியை விரும்புவர். உங்களில் பலர் வகுப்புத் தோழர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றிருப்பீர்கள். விடுமுறையில் சொந்த ஊர்த் திருமணத்தையும் கண்டிருப்பீர்கள். "இங்கே நடப்பது அவர்கள் கல்யாணம், ஊரில் நடப்பதுதான் நம் கல்யாணம்" என்று மாணவர் சிலர் கூறுவதுண்டு. அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதைப் பந்தலில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக நோக்கி அறிவோம்.

அதற்குமுன் இந்நிலத்தைப் பற்றி ஒரு சொல். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. உறவும் சந்தையும் அக்கோட்டைக் கடந்து இன்றும் செல்கின்றன.

பந்தலின் வாயிலில் குலையுடன் கூடிய வாழைமரங்கள் நிற்கின்றன. மேலே குருத்தோலைத் தோரணம் அசைகிறது. வாழை, குருத்து, ஓலை, தோரணம், பந்தல் ஆகிய ஐந்து சொற்களும் இரு மொழிகளிலும் வழங்குவன. தென்னங்குருத்தைக் கிழித்து, மடித்து, கயிற்றில் கோத்துத் தோரணம் செய்யும் கலை ஈழத்திலும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் ஓலையில் மடிக்கும் சிறு உருவங்களைக் 'குருவி' என்பர். மங்கல நிகழ்ச்சிக்கு நான்கு குருவிகள், துக்க நிகழ்ச்சிக்கு மூன்று குருவிகள் என்பது அவர்கள் வழக்கம். எண்ணிக்கையை அறியாது தொங்கவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பர்!

மேடையில் விளக்கின் அருகே, பித்தளைப் பட்டை கட்டிய மர அளவை ஒன்றில் நெல் நிறைந்திருக்கும். அதன் நடுவில் தென்னம்பூக்குலை செருகப்பட்டிருக்கும். மலையாளத்தார் இதனை 'நிறபற' என்பர். பறை என்றதும் நமக்கு இசைக்கருவிதான் நினைவிற்கு வரும். இங்கோ பறை என்பது முகத்தலளவை. பத்து இடங்கழி ஒரு பறை. நான்கு நாழி ஓர் இடங்கழி. நாஞ்சில் நாட்டு வீடுகளில் விளக்கின் அருகே வைக்கும் 'நிறைநாழி'யை நினைத்துப் பாருங்கள். அளவு சிறுத்தாலும் கருத்து ஒன்றே. உழவர் வீட்டில் நெல் நிறைந்திருப்பதைக் காட்டிலும் பெரிய அலங்காரம் வேறு என்ன இருந்திருக்க முடியும்?

இனி, ஆடைக்கு வருவோம். கேரளத் திருமணங்களில் மணமகன் தட்டில் வைத்த புடவையை மணமகளிடம் வழங்கும் சடங்கு முதன்மையானது. இதனைப் 'புடவ கொட' என்பர். கொட என்பது நம் கொடை. தமிழ்நாட்டில் மணமகளுக்குரியதைக் கூறைப்புடவை என்கிறோம். கிறித்தவர் திருமணத்தில் மணமகன் வழங்கும் சேலைக்கு இங்கு 'மந்திரகோடி' என்று பெயர். கோடி என்றால் புத்தாடை. ஓணத்திற்கு வாங்குவது ஓணக்கோடி. தமிழிலும் கோடி என்பதற்குப் புத்தாடை என்னும் பொருள் உண்டு. ஆனால், தமிழக ஊர்கள் பலவற்றில் இச்சொல் இறப்புச் சடங்கில் உறவினர் இடும் துணியைக் குறிக்கவும் வழங்குகிறது. ஆகவே, ஊருக்குச் சென்று பாட்டியிடம் "ஓணத்துக்குக் கோடி எடுத்தோம்" என்று கூறும்போது, சிறிது விளக்கியும் கூறுங்கள்.

அப்புடவை எங்கே நெய்யப்படுகிறது? நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், சில கிலோமீட்டர் தொலைவில் பாலராமபுரம் உள்ளது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைக் கொண்ட ஊர் இது. அவர் காலத்தில், தளவாய் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ் பேசும் பகுதியிலிருந்து சாலியர் என்னும் நெசவாளர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய வழியினர் வாழும் சாலியர் தெருக்கள் இன்றும் உள்ளன. கேரளத்தின் அடையாளம் என்று உலகம் போற்றும் சந்தன வண்ணக் கசவுப் புடவையின் புகழ்பெற்ற நெசவூர்களுள் ஒன்று, உங்கள் குடும்பங்களைப் போலவே பிழைப்பிற்காக இடம்பெயர்ந்து வந்த தமிழர்களால் உருவானது. இச்செய்தி பாடநூல்களில் இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும் என்பது என் எண்ணம்.

அங்கு நெசவு குழித்தறியில் நடைபெறுகிறது. தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி அமர்ந்து, மிதிகட்டைகளை மிதித்தபடி நெய்வர். நெசவிற்கு முன் பாவு போட வேண்டும். விடியற்காலையில் தெருவின் நீளத்திற்குப் பாவு நூலை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, தூரிகையால் நீவிவிடுவர். கஞ்சி ஏறிய நூல் தறியில் அறுபடாது. மழை வந்தால் அன்றைய வேலை கெட்டது. கசவு என்பது சரிகை. அது பெரும்பாலும் குசராத்தின் சூரத்து நகரிலிருந்து வருகிறது. சரிகையின்றி மெல்லிய கரை மட்டும் உடைய வகையும் உண்டு. புளியமரத்தின் சிற்றிலை அளவே கரை இருப்பதால் அதனைப் 'புளியிலக்கர' என்பர். எளிமையில் இத்தனை அழகு காட்டும் ஆடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. எனினும், விசைத்தறியில் விரைந்து நெய்த துணியும் அதே வண்ணத்தில், குறைந்த விலைக்குக் கடைகளில் கிடைக்கிறது. வாங்குவோர் வேறுபாடு அறியாமல் அதனையே கைத்தறி என்று எண்ணி எடுத்துச் செல்கின்றனர். நாள் முழுதும் குழியில் அமரும் நெசவாளிக்குக் கிடைக்கும் கூலி குறைவு. அவர் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்கின்றனர். 2006ஆம் ஆண்டு நடுவணரசு அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை துணியில் உள்ளதா என்று பார்த்து வாங்குவது ஒரு வழி. உங்கள் வீட்டில் திருமணம் வந்தால் கடையில் அம்முத்திரையைத் தேடும் பொறுப்பை நீங்களே ஏற்கலாம்.

ஆடை நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து வருகிறதெனில், பூ எல்லையின் மறுபுறத்திலிருந்து வருகிறது. நாகர்கோவிலை அடுத்த தோவாளையில் பொழுது விடியுமுன்பே பூச்சந்தை கூடிவிடும். அங்கு ஏற்றப்படும் பூக்கள் கேரளத் திருமணக் கூடங்களை அடைகின்றன. இங்குள்ள மணமகள் சூடும் பூவை மலையாளத்தார் பொதுவாக 'முல்லப்பூ' என்பர். தமிழோ முல்லை, மல்லிகை, பிச்சி எனப் பிரித்துப் பெயரிடுகிறது. சந்தையில் பிச்சியின் விலை வேறு, மல்லிகையின் விலை வேறு; முகூர்த்த நாளில் இரண்டும் விண்ணைத் தொடும்.

தோவாளையின் தனிச்சிறப்பு மாணிக்கமாலை. அரளிப்பூக்களை மடித்து வரிசையாக அடுக்கி, நொச்சி இலையை இடையே சேர்த்து, தட்டையான பட்டைபோலக் கட்டுவர். செவ்வரளியின் வரிசைகள் மாணிக்கக் கற்கள் பதித்தவைபோல் ஒளிர்வதால் இப்பெயர் வந்தது என்பர். 2025ஆம் ஆண்டில் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமக்கள் மாற்றிக்கொள்ளும் மாலைக்கும் மேடையின் பின்திரைக்கும் இது பொருந்தும். நெகிழிப் பூக்களை ஒட்டிய பின்திரையின் முன் நிற்போர், எந்த ஊரில் எந்த மாதத்தில் மணந்தனர் என்பதைப் பின்னாளில் படத்தைப் பார்த்து அறிய இயலாது. மாணிக்கமாலை தோவாளையைச் சொல்லிவிடும்.

விருந்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். தெற்குக் கேரளச் சத்யாவில் மஞ்சள் நிறப் போளியை இலையில் இட்டு, அதன்மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்பர். வடகேரளத்திலிருந்து வரும் விருந்தினர் இதனைக் கண்டு வியப்பர். தமிழர் இலையிலும் இடம்பெறும் போளி தெற்கு எல்லையில் பாயசத்தின் துணையாகிவிட்டது.

பழந்தமிழர் திருமணப் பந்தலை எவ்வாறு அமைத்தனர் என்றும் காண்போம். நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்றின் 86ஆம் பாடல் ஒரு திருமணத்தை விளக்குகிறது. நிரையாகக் கால்கள் நாட்டிய குளிர்ந்த பெரும்பந்தல், அதில் பரப்பிய புதுமணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். பெண்ணுக்கு எத்தனை பவுன் என்ற பேச்சு அதில் எங்கும் இல்லை. வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியும், இன்றைய பந்தல்களில் அப்பேச்சு ஓயவில்லை என்பதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

மணல், விளக்கு, மாலை, நெல் ஆகிய நான்கும் இன்றும் எளிதில் கிடைப்பவை. இவற்றைக் கொண்டே ஒரு பந்தலைப் புதுமையாக அமைக்கலாம். தெர்மாகோலில் வெட்டிய பெயரெழுத்துகளுக்கு மாற்றாக, பனையோலையில் மணமக்கள் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வாயிலில் தொங்கவிடலாம். பாக்கு மட்டைத் தட்டும் வாழையிலையும் விருந்திற்குப் போதும். கேரளத்தின் சுசித்துவ மிஷனும் நெகிழியில்லாத் திருமணங்களையே வலியுறுத்துகிறது. குருத்தோலைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. காய்க்கும் தென்னையின் குருத்தை வெட்டினால் மரம் தளரும். ஆகவே, வெட்டப்பட இருக்கும் மரத்திலிருந்து எடுப்பதே முறை. அதையும் முதல்நாள் மாலையில் எடுத்தால்தான் வாடாது. நிறபறையின் நெல்லைத் திருமணம் முடிந்தபின் குத்திச் சமைக்கலாம்; மாலைகளை மரத்தடியில் எருவாக இடலாம்.

செயல்பாடு: உங்கள் தெருவில் அல்லது உறவினர் வீட்டில் நடந்த ஒரு திருமணத்தின் அழைப்பிதழைப் பெற்று, அதில் உள்ள திருமணச் சொற்களைத் தொகுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றாக வழங்குவனவற்றின் கீழ்க் கோடிடுங்கள். பின்னர் உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் தொலைபேசியில், அவர்கள் திருமணப் பந்தலில் எவை தொங்கின, அவற்றை யார் கட்டினர், புடவை எவ்வூரில் எடுத்தனர் என்று கேட்டு, அவர்கள் கூறும் சொற்களை மாற்றாமல் அப்படியே பத்து வரிகளில் எழுதி வாருங்கள்.