கொக்கியை எங்கே மாட்டுவது?

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில் தமிழ்நாட்டின் தொழிற்பேட்டைகளில் ஷெட் கூரைகள் மேல் ஆட்கள் ஏறுவது வழக்கம். ஒழுகும் இடத்தை அடைப்பார்கள், துருப்பிடித்த ஸ்க்ரூக்களை மாற்றுவார்கள், சுழலும் காற்றாடிகளைச் சரிசெய்வார்கள். இப்போது சோலார் பலகைகளைப் பொருத்துவதும் கழுவுவதும் ஆண்டு முழுவதும் நடக்கும் கூரை வேலையாகிவிட்டது. மேலே ஏறுபவர்களில் பலர் ஹார்னஸ் அணிந்திருக்கிறார்கள். அது இல்லாமல் வாயிலைத் தாண்ட விடாத ஆலைகள் உண்டு. ஆனால் அந்த ஹார்னஸிலிருந்து வரும் கயிற்றின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கவலைதான் மிஞ்சுகிறது. அது தோளில் சுற்றிக் கிடக்கும், அல்லது காற்றாடியின் கழுத்திலோ மழைநீர்க் குழாயிலோ இடிதாங்கிக் கம்பியிலோ மாட்டியிருக்கும். விழும் மனிதரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல இவை. கொக்கியை எங்கே மாட்டுவது என்ற முடிவைக் கூரைமேல் நிற்கும் தொழிலாளியிடம் விடவே கூடாது. அவர் ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே, அந்தக் கட்டடத்தை அறிந்தவர்கள் தரையில் வைத்து எடுத்திருக்க வேண்டிய முடிவு அது. கொண்டுபோய்ப் பொருத்தி, கொக்கியை மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றிவிடும் ஆங்கர்கள் இன்று கிடைக்கின்றன. அவை உயிரைக் காப்பாற்றுமா என்பது இந்த முடிவைப் பொறுத்தே இருக்கிறது.

விழுகையின் விசையை மனம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறது. கருவிகளோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள ஒருவர் 1.8 மீட்டர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அந்தக் கணத்தில் ஆங்கர்மேல் வரும் சராசரி இழுவை சுமார் 1,900 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அவர் உடல்மேலும் அதே விசைதான் பாயும். கயிற்றில் ஷாக் அப்சார்பர், அதாவது இழுபடும்போது தையல் பிரிந்து நீளும் மடிப்புப் பட்டை, இருந்து அது ஒரு மீட்டர் நீண்டு கொடுத்தால் சராசரி இழுவை 300 கிலோவுக்கும் கீழே இறங்கும். ஆனாலும் பாதுகாப்பு விதிகளைச் சராசரியை நம்பி எழுத முடியாது. ஒரு ஆளுக்கான ஆங்கர் 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா. இல்லையேல், வரக்கூடிய சுமையைப் போல் இரு மடங்கைத் தாங்குமாறு தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் வடிவமைத்திருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 795 உலோக ஆங்கர்களை 12 கிலோநியூட்டன், அதாவது 1,200 கிலோவுக்கும் அதிகமான இழுவையில் 3 நிமிடம் நிறுத்திச் சோதிக்கச் சொல்கிறது. காற்றாடியின் கழுத்தை யாரும் அப்படிச் சோதித்ததில்லை.

ஆங்கர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைப் பிடித்திருக்கும் பொருள் உறுதியாக இல்லாவிட்டால் பயனில்லை. உலோகக் கூரையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஷீட் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தகடு. அதைத் தாங்குபவை சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஓடும் பர்லின்கள் எனும் குறுக்குச் சட்டங்கள். பர்லின்களைத் தாங்குபவை டிரஸ்களோ பெரிய இரும்புச் சட்டங்களோ. ஷீட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள், காற்று அதைத் தூக்கிவிடாமல் இருக்கப் போட்டவை. ஒரு புள்ளியில் திடீரென வரும் பக்கவாட்டு இழுவைக்காக அல்ல. ஆகவே ஆங்கரின் வகையைக் கூரையின் வகைதான் முடிவு செய்ய வேண்டும். கீழிருந்து எட்ட முடிந்தால் பர்லினையோ டிரஸையோ சுற்றிப் போடும் பட்டை ஆங்கர் எளிது. முகடும் பள்ளமுமான ஷீட்டில், பல ஸ்க்ரூக்களால் பொருத்தும் தகட்டு ஆங்கர் உண்டு. எத்தனை ஸ்க்ரூ, ஷீட்டின் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு, ஸ்க்ரூ பர்லினுக்குள் இறங்க வேண்டுமா என்பதெல்லாம் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். ஷீட்டின் ஓரங்களை மடித்து இணைத்த கூரைகளில் அந்த மடிப்பைத் துளையிடாமல் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் ஆங்கர் பயன்படும். எடையால் மட்டுமே நிற்கும் ஆங்கர் தட்டையான கூரைக்கு உரியது. ஐரோப்பியத் தரம் அதற்கு 5 பாகைக்கு மேல் சாய்வை அனுமதிப்பதில்லை. ஈரத் தகட்டில் அதன் பிடிமானம் இன்னும் குறையும். இருபது வருடக் கடற்காற்றில் துருவேறிய ஷெட்டில் பர்லினே பலவீனமாகியிருக்கலாம். இவற்றையெல்லாம் ஒரு பொறியாளர் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கணிக்க முடியும். மேலே நிற்பவருக்குத் தெரிவது சாயம் பூசிய தகடு மட்டுமே.

அடுத்த கேள்வி கயிற்றின் நீளம். ஹார்னஸ் என்றதும் விழுந்தபின் பிடித்து நிறுத்தும் கருவி என்றே எண்ணுகிறோம். கூரையில் அந்த எண்ணமே ஆபத்தானது. ஆங்கர் காலடி மட்டத்தில் இருக்கிறது. முதுகில் உள்ள வளையமோ அதற்கு மேலே சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விளிம்பருகே பொருத்திய ஆங்கரில் 1.8 மீட்டர் கயிற்றோடு ஒருவர் விழுந்தால், கயிறு இறுகுவதற்குள் 3.3 மீட்டர் போயிருப்பார். ஓஷா அனுமதிக்கும் தடையற்ற விழுகை 1.8 மீட்டர்தான். கயிற்றின் 1.8 மீட்டரோடு ஷாக் அப்சார்பர் நீள ஒரு மீட்டர், வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை மீட்டர், கூடுதல் பாதுகாப்புக்கு ஒரு மீட்டர் சேர்த்தால், ஆங்கருக்குக் கீழே 5.3 மீட்டர் காலியிடம் வேண்டும். ஐந்து மீட்டர் உயர ஷெட்டில் அவ்வளவு இடம் இல்லை. ஆகவே, எடுத்துச் செல்லும் ஆங்கரின் சிறந்த பயன் விழுபவரைப் பிடிப்பதில் இல்லை, விளிம்பை எட்டவிடாமல் தடுப்பதில் இருக்கிறது. விளிம்பிலிருந்து 5 மீட்டர் உள்ளே ஆங்கர், நீட்சியையும் கணக்கில் கொண்டு 4 மீட்டரில் முடியும் கயிறு என்றால், அவர் எவ்வளவு முயன்றாலும் கீழே விழ முடியாது. ஆங்கருக்கும் நடந்துபோகும் ஒருவரின் இழுவைதான் வரும், விழும் உடலின் அதிர்ச்சி வராது. அதே ஆங்கர், அதே கயிறு. நீளத்தை முன்கூட்டியே கணக்கிட்டதால் மட்டும் ஆபத்தின் தன்மையே மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கை ஒரு திசைக்கு மட்டும் போட்டால் போதாது. முன் விளிம்புக்கு 5 மீட்டர் தூரத்தில் உள்ள ஆங்கர், பக்கச் சுவர் விளிம்புக்கு 3 மீட்டரில் இருக்கலாம். அப்போது அதே 4 மீட்டர் கயிறு முன்பக்கம் காக்கும், பக்கவாட்டில் கைவிடும். ஆங்கருக்கு நேராக இல்லாமல் விலகி நின்று விழுபவர் ஊஞ்சல்போல் வீசப்பட்டுச் சுவரிலோ தூணிலோ மோதுவார். ஓரத்தின் மேல் உராய்ந்து நகரும் கயிறும் கத்திபோன்ற தகட்டு முனையில் அறுபடலாம். கூரையின் நடுப்பகுதியும் பத்திரமான இடமல்ல. வெளிச்சத்துக்காகப் போடும் பிளாஸ்டிக் ஷீட்டுகள் சில வருட வெயிலில் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். தூசி படிந்தால் பக்கத்துத் தகட்டிலிருந்து அவற்றைப் பிரித்தறியவே முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு ஷீட்டும் ஆளின் எடையைத் தாங்கும் என்று நம்பத்தக்கதல்ல. விளிம்பை எட்டவிடாத கயிறு இந்த விழுகையைத் தடுக்காது. அங்கே ஒளிபுகும் ஷீட்டுகளின் மேல் கம்பிவலையும், பர்லினிலிருந்து பர்லினுக்குப் போட்ட நடைபலகையும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஏறக் கூடாது.

இத்தனை ஏற்பாடு தேவையா என்ற எதிர்ப்பு எழுவது இயல்பு. முதல் வாதம் அனுபவம்: பதினைந்து வருடமாக ஏறுகிறவருக்குக் கயிறு எதற்கு? அனுபவம் கால் வைக்கும் இடத்தைக் கற்றுத்தரும், உண்மை. ஆனால் ஷீட்டுக்கு அடியில் அரித்துப்போன பர்லினையோ, காலைப் பனியின் வழுக்கலையோ, திடீர்க் காற்றையோ எந்த அனுபவமும் கட்டுப்படுத்த முடியாது. இரண்டாவது வாதம், கயிறு காலில் சிக்கி அதுவே தடுக்கி விழச் செய்கிறது என்பது. இதில் நியாயம் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய நீளத்தில் தளர்ந்து கிடக்கும் கயிறு தடுக்கத்தான் செய்யும். அதற்குப் பதில் கயிற்றைக் கழற்றுவதல்ல. வேலைப் பகுதிக்கு ஏற்ப நீளத்தைச் சுருக்குவதும், ஆங்கரை இடம் மாற்றுவதும்தான். அப்படி மாற்றும் நேரத்திலும் பிடிப்பு அறாமல் இருக்க இரட்டைக் கொக்கிக் கயிறு உண்டு. மூன்றாவது, துளையிட்டால் கூரை ஒழுகும் என்ற உரிமையாளரின் கவலை. மடிப்பைக் கவ்வும் கிளாம்புகளும் பட்டைகளும் துளையே போடுவதில்லை. ஸ்க்ரூ போட்ட இடத்தை ரப்பர் வாஷரும் சீலண்டும் வைத்து அடைத்துவிடலாம். ஒழுகலைச் சரிசெய்ய ஏறும் ஆளின் உயிரை, ஒழுகிவிடும் என்ற பயத்துக்காகப் பணயம் வைப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

இவற்றைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு: அரை மணி நேர வேலைக்கு ஆங்கர் பொருத்தவே அரை மணி நேரம் போனால் யார் செய்வார்கள்? யாரும் செய்யமாட்டார்கள் என்பதே பதில். அதனால்தான் அந்த நேரத்துக்கும் கூலி பேசியிருக்க வேண்டும். அடிக்கடி ஏறும் கூரை என்றால், தற்காலிக ஆங்கரை நம்பியிருப்பதே தவறு. கொக்கியை மாட்டிக்கொண்டே நகர முகட்டோடு ஓடும் நிரந்தர லைஃப்லைனும், விளிம்பில் கைப்பிடி வேலியும் ஒருமுறைச் செலவு. சோலார் பலகைகளைக் கழுவ மாதந்தோறும் ஆள் ஏற வேண்டிய ஆலை, பலகைகளோடு சேர்த்தே நடைபாதையையும் லைஃப்லைனையும் திட்டமிட வேண்டும். கீழிருந்தே லிஃப்ட் வண்டி மூலம் செய்யக்கூடிய வேலைக்குக் கூரைமேல் கால் வைக்கவே தேவையில்லை. இந்த வழிகள் எதுவும் பொருந்தாத, எப்போதாவது வரும் சிறு வேலைதான் எடுத்துச் செல்லும் ஆங்கருக்கு உரிய இடம். அங்கேயும் தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால் ஒரு ஆங்கரில் ஒருவர் மட்டுமே மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை விழுகையைத் தாங்கியதை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

தரையில் எடுக்க வேண்டிய இன்னொரு முடிவு பெரும்பாலும் யார் நினைவுக்கும் வருவதில்லை. விழுந்தவரைக் கயிறு காப்பாற்றிவிட்டது. அவர் ஹார்னஸில் தொங்குகிறார். அசையாமல் தொங்கும் உடலில் ரத்தம் கால்களில் தேங்கும், மயக்கம் வரும், நேரம் கடந்தால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருப்பது திட்டம் ஆகாது. எந்த ஏணி, எந்த வண்டி, எந்த இருவர் அவரை உடனே இறக்குவார்கள் என்பது வேலை தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தனியாளாக ஒருவரைக் கூரைக்கு அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

விழக்கூடிய உயரத்தில் ஒருவர் வேலை செய்ய வேண்டியிருந்தால் வேலி அமைத்தோ வேறு வழியிலோ அவருடைய பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு சொன்னது. அந்தக் கடமையை அது சுமத்தியது ஆலையை நடத்துபவர்மேல், ஏறுபவர்மேல் அல்ல. ஹார்னஸ் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் அந்தக் கடமையின் பாதியைக்கூட நிறைவேற்றவில்லை. ஹார்னஸ் கயிற்றின் ஒரு முனை மட்டுமே. மறுமுனை எந்த இரும்பில், கயிறு எத்தனை மீட்டர், தொங்கினால் இறக்குபவர் யார் என்ற மூன்று விடைகளும் பணி ஆணையில் எழுதப்பட்டு, பொறுப்பானவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவை இல்லாத ஆணையோடு மேலே ஏறச் சொன்னால் மறுப்பதற்குத் தொழிலாளிக்கு உரிமை இருக்க வேண்டும். மறுத்ததற்காக அவர் அன்றைய கூலியை இழக்கக் கூடாது.